கட்டுரைக்கு ஒரு வாசகர் வேண்டும்

கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் மாணவர் ஒருவருக்குத் திருகோணமலை நகரத்துக்கு வருவது இன்றும் சின்ன விஷயமல்ல. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்தப் பக்கத்து மக்கள் படகுப்பாதையை நம்பித்தான் இருந்தார்கள். மூதூரில் இருந்து வருபவர்கள் குடாவைக் குறுக்கே கடந்தார்கள். பாலங்கள் வந்த பிறகும் எல்லோருக்கும் வழி திறந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பால வேலை முடியாதிருந்த குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. ஆகவே, இணையவழிக் கல்வி நமக்குத் தேவையா என்று இந்த மாவட்டத்தில் யாராவது கேட்டால் நான் யோசிக்க மாட்டேன். தேவை. புல்மோட்டைக்கும் தேவை, வெருகலுக்கும் தேவை.

என் கவலை ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் பற்றியது. உயர்கல்விக்குள் நுழையும் மாணவர்களுக்கு முதலாம் ஆண்டில் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். பந்தி அமைப்பது, ஒரு கருத்தை முன்வைத்து அதற்குச் சான்று காட்டுவது, பிறர் எழுதியதைக் களவெடுக்காமல் பயன்படுத்துவது எல்லாம் அந்தப் பாடத்தில் அடங்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் இந்தப் பாடத்துக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். அதை இணையத்துக்குக் கொண்டுபோனபோது நாம் விரிவுரையாக மாற்றிவிட்டோம். மாணவர்கள் எழுத வேண்டிய மணித்தியாலங்களில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பெருந்தொற்று ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அது எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வளாகங்கள் மூடப்பட்டன. 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்கு சூம் வசதியை ஏற்படுத்திக் கொடுத்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்குப் போவதற்கு மாணவர்களிடம் டேட்டாக் கட்டணம் அறவிடப்படாத ஏற்பாடும் சில காலம் இருந்தது. அது உண்மையிலேயே பெரிய காரியம். ஆசிய அபிவிருத்தி வங்கி 2020 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பின்படி, கருத்துக்கணிப்பில் பதிலளித்த இலங்கை உயர்கல்வி மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இணையவழிக் கல்வி எட்டியிருந்தது. நம்மைப் போன்ற நாட்டுக்கு அது பெருமைப்படத்தக்க கணக்கு. ஆனால் எட்டியது என்ன என்று பார்க்க வேண்டும். கைத்தொலைபேசித் திரையில் ஆசிரியரின் குரலும், பின்னால் நகரும் ஸ்லைடும் எட்டின. வரலாறோ பொருளியலோ என்றால் அதைக் கொண்டாவது ஏதோ சமாளிக்கலாம். எழுத்துப் பாடத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நல்ல பந்தி எப்படி இருக்கும் என்று ஒரு மணித்தியாலம் விளக்கம் கேட்ட மாணவர், ஒரு பந்தியும் எழுதாமலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போகலாம்.

டேட்டாவையும் சற்றுக் கணக்குப் பார்ப்போம். படத்தோடு கூடிய ஒரு மணித்தியால சூம் வகுப்பு பல நூறு மெகாபைட்டை விழுங்கும். 500 சொற்களில் ஒரு கட்டுரையை வட்ஸ்அப்பில் அனுப்பச் சில கிலோபைட் போதும். அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அனுப்பும் மூன்று நிமிடக் குரல் பதிவு ஒரு மெகாபைட் அளவில்தான் வரும். சிக்னலுக்காக மரத்தில் ஏறிய, பாறையில் ஏறிய பிள்ளைகளின் படங்களை 2021இல் நாடே பார்த்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது, பெற்றோல் வரிசையில் ஊரே நின்றது, வகுப்புகள் மறுபடி இணையத்துக்குப் போயின. அப்போதும் குறித்த நேரத்தில் எல்லோரும் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றுதான் நேரசூசி போட்டோம். "மிஸ், கரண்ட் இல்ல, நாளைக்கு அனுப்பட்டா?" என்று வரும் செய்தியை நாங்கள் சாட்டாக எடுத்துக்கொண்டோம். அந்தப் பிள்ளை கேட்டது மிகச் சரியான கேள்வி. எழுத்தை நாளைக்கும் அனுப்பலாம். நாளைக்குப் படித்தாலும் அது எழுத்துத்தான்.

தொலைவில் இருந்துகொண்டு எழுத்தைக் கற்பிப்பது புதிய சங்கதியும் அல்ல. 1840இல் இங்கிலாந்தில் தபால் சேவை மலிவானபோது ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தைத் தபாலிலேயே கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்புவார், திருத்தம் திரும்பி வரும். பாடம் நடந்தது அந்தத் திரும்பி வந்த தாளில்தான். அதே நூற்றாண்டில் லண்டன் பல்கலைக்கழகம் வேறொரு வழியைத் திறந்தது. உலகின் எந்த மூலையில் இருந்தும் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் கிடைக்கும். சுவாமி விபுலாநந்தர் 1920இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றது அந்த வழியில்தான். அதே பத்தாண்டில் அவர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். நம் தேசத்தின் எத்தனையோ பெரியவர்களை அந்த வெளிவாரிப் பட்டம் உருவாக்கியது. ஆனால் அது பரீட்சை வைத்தது, புள்ளி போட்டது, அத்தோடு முடிந்தது. இந்த வாக்கியம் ஏன் நொண்டுகிறது என்று யாரும் யாருக்கும் திருப்பி எழுதவில்லை. விபுலாநந்தர் போன்ற ஒருவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது மட்டும்தான் தேவை.

1980இல் பாடநெறிகளைத் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூலையும் ஒப்படையையும் கொண்டு பிட்மன் போன பாதையில் நெடுந்தூரம் நடந்தது. அந்த அனுபவத்தை 2020இல் மற்றவர்கள் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கமராவை வாங்கினோம்.

திருத்தி அனுப்பும் தாள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு மாணவியின் கட்டுரையைச் சொல்கிறேன். கிண்ணியாப் பக்கம். வாப்பா கரைவலைத் தொழிலாளி. சுருக்குவலையைத் தடை செய்ய வேண்டுமா என்பது வகுப்புக்கு நான் கொடுத்த தலைப்பு. திருகோணமலைக் கடற்கரையில் இதைவிடச் சூடான தலைப்பு கிடையாது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, வலையின் அடியைக் கயிற்றால் சுருக்கி, மொத்தமாக அள்ளும் வலை அது. சிறு தொழில் செய்பவர்கள் அதை எதிர்க்கிறார்கள், கடன்பட்டு அந்த வலையை வாங்கியவர்கள் அதையே நம்பி இருக்கிறார்கள். அனுமதிப் பத்திரம், நிபந்தனை, போராட்டம் என்று ஆண்டுக்கணக்காக இழுபடும் விவகாரம்.

முதல் வரைவு ஆங்கிலத்தில் வந்தது. மீன்பிடித்தொழில் இலங்கைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று தொடங்கியது. சுருக்குவலையால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்று நடுவில் நடந்தது. அரசாங்கம் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடிந்தது. இலக்கணப் பிழை ஐந்தாறுதான். ரியூசன் நோட்ஸில் இருந்து வரும் இந்தக் கட்டுரையை இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் மும்மொழியிலும் எழுதுவார்கள். பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டுப் பத்துக்கு ஆறு கொடுத்திருந்தால் என் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒரு குரல் பதிவு அனுப்பினேன். உங்கட வாப்பாட வலையில போன கிழமை என்ன மீன் பட்டது? வலையை எத்தனை பேர் இழுக்கிறார்கள்? உங்கட ஒழுங்கையில சுருக்குவலை வச்சிருக்கிற ஆள் யார், அவருக்கும் வாப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இருக்கா?

பதில் உடனே வரவில்லை. வந்தபோது கட்டுரை இரண்டு மடங்கு நீண்டிருந்தது, பிழையும் இரண்டு மடங்கு. ஆனால் உள்ளே ஆட்கள் வந்திருந்தார்கள். கரைவலைக்கு இருபது முப்பது பேர் கை வைக்க வேண்டும், மீன் படாத நாளில் அத்தனை பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தார். சுருக்குவலைக்காரர் வேறு யாருமல்ல, தாயின் தம்பி. பெருநாளைக்கு அவர் வீட்டுக்கு வாப்பா போவதில்லை. மாமியும் உம்மாவும் மட்டும் பின்வேலியால் பேசிக்கொள்வார்கள். தடை செய்தால் மாமாவின் கடனை யார் கட்டுவது என்ற கேள்வியை அவர் எழுதிவிட்டுப் பதில் தெரியாமல் நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில்தான் கட்டுரை தொடங்குகிறது என்று நான் திருப்பி எழுதினேன்.

வகுப்பு முழுவதும் எழுதும் பகிர்வு ஆவணத்தில் தென்பகுதிக் கரையோரத்துச் சிங்கள மாணவர் ஒருவர் அவருக்குப் பதில் எழுதினார். பெரிய படகு வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. வங்கித் தவணை, எண்ணெய் விலை, ஒரு பயணம் பிழைத்தால் என்ன ஆகும் என்று விவரமாக எழுதினார். இருவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, இருவருக்கும் அது கஷ்டம். நேரடி வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், முஸ்லிம் பிள்ளைகள் ஒரு பக்கம், சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தானாகவே இருந்துவிடுவார்கள். யாரும் பகையில் இருப்பதில்லை, பழக்கம் அப்படி. எழுத்தில் அப்படி ஒதுங்க முடியாது. முன்னால் எழுதியவரின் வாதத்தைத் தொட்டு எழுத வேண்டும் என்பது விதி. மூவினமும் வாழும் இந்த மாவட்டத்துக்கு இணையவழி எழுத்து வகுப்பு கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, நாட்டின் வேறெந்த வளாகத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, மாணவர்கள் பல மாவட்டங்களில் இருந்து வருகிறார்கள். வளாகம் மூடினால் நாடெங்கும் சிதறிப் போகிறார்கள். அப்படிப் போன வீடுகள் எப்படிப்பட்டவை என்று கமராவைப் போடச் சொல்லும் ஆசிரியர்கள் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அறை வீடு, பின்னால் தம்பி தங்கைகள், அடுப்படியில் இருந்து கூப்பிடும் தாய். பெண்பிள்ளை என்றால் வகுப்பு நடக்கும்போதே தேங்காய் துருவ வேண்டியும் வரும். கமராவைப் போடு என்று சொல்வது பல பிள்ளைகளுக்கு வீட்டைத் திறந்து காட்டு என்று சொல்வதுதான். எழுத்து வகுப்புக்கு முகம் தேவையில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு எழுதி அனுப்பினாலும் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வந்தவள்தான்.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. படிக்க ஆள் வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஓர் ஆசிரியரிடம் 120 மாணவர்கள். அரையாண்டுக்கு நான்கு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைவு. மொத்தம் 960 தாள். ஒரு தாளுக்கு 15 நிமிடம் என்று வைத்தால் 240 மணித்தியாலம். 15 வாரத்தில் பரப்பினால் வாரத்துக்கு 16 மணித்தியாலம் படித்துத் திருத்த மட்டுமே போகும். மாணவர் தொகையை 20 ஆக்கினால் அதே வேலை 40 மணித்தியாலத்தில் முடியும். அமெரிக்காவின் கல்லூரி எழுத்துப் பயிற்சி ஆசிரியர் மாநாட்டமைப்பு 2013இல் இணையவழி எழுத்துப் பாடத்துக்கான கோட்பாடுகளை வெளியிட்டபோது வகுப்புக்கு 20 மாணவர்களுக்கு மேல் கூடாது, 15 ஆனால் இன்னும் நல்லது என்று எழுதி வைத்தது சும்மா அல்ல.

இணையம் என்றால் எத்தனை பேரையும் சேர்க்கலாம் என்ற எண்ணம் நம் நிர்வாகங்களில் ஊறிப்போயிருக்கிறது. அதே 2013இல் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனம் முதலாம் ஆண்டு எழுத்துப் பாடத்தை உலகுக்கெல்லாம் இலவசமாகத் திறந்தது. 20,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் சில நூறு பேர். நல்ல ஆசிரியர்கள், நல்ல காணொளிகள், பணம் எல்லாம் இருந்தும் ஒவ்வொருவர் எழுத்தையும் படிக்க ஆள் இல்லை. நம்மிடம் அந்தப் பணமும் இல்லை. ஆகவே அந்த வழியில் நாம் போகவே கூடாது.

நம் நிறுவனங்களில் இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் யார் எடுக்கிறார்கள்? ஆங்கில போதனாசிரியர்கள், தற்காலிக விரிவுரையாளர்கள், வருகைதரு விரிவுரையாளர்கள். வருகைதருபவருக்குக் கொடுப்பனவு விரிவுரை மணித்தியாலத்துக்கு. சூமில் பேசினால் படிவத்தில் எழுதலாம், வீட்டில் இருந்து நூறு கட்டுரை படித்தால் அது எந்தக் கட்டத்திலும் வராது. பேச்சுக்குப் பணம், வாசிப்புக்கு இல்லை என்றால் ஆசிரியர் பேசத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்பாடு அப்படி.

பிழைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது, முன்பு உயர்கல்வியை எட்டிப் பார்க்காத குடும்பத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் எழுதிய சுமார் 4,000 நுழைவுக் கட்டுரைகளை மீனா ஷோனசி என்ற ஆசிரியை பொறுமையாகப் படித்து 1977இல் ஒரு நூல் எழுதினார். பிழைகளுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்று அவர் காட்டினார். நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தை அந்தக் கண்ணோடு படித்தால் எவ்வளவோ புரியும். வந்து, பார்த்து, கேட்டு, போனார் என்று எச்சங்களைக் கோத்து நீளமாக ஓடும் தமிழ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் அரைப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளி வராது. அந்தப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியும், எங்கே நிறுத்துவது என்று மட்டும்தான் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் போதும். மாறாக, எழுதத் தெரியாதவர் என்று முத்திரை குத்தினால் அந்த வடு நீண்ட நாளைக்கு இருக்கும்.

இதோடு சேர்ந்த ஒரு வெட்கமும் நமக்கு இருக்கிறது. தமிழில் எழுதவும் நாம் உயர்கல்வியில் கற்பிப்பதில்லை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அவர் தமையன் கனகசுந்தரம்பிள்ளை ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்த அறிஞர். அந்த ஊரில் உயர்தரம் சித்தியடைந்து வரும் பிள்ளைக்கு, தன் கருத்தை ஒரு பக்கத் தமிழில் தெளிவாக நிறுவச் சொன்னால் பதற்றம் வருகிறது. தாய்மொழியில் வாதிக்கப் பழகாத பிள்ளையிடம் ஆங்கிலத்தில் வாதிக்கச் சொல்கிறோம். முதல் வரைவைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத நான் அனுமதிப்பது இதனால்தான். முதல் வரைவை ஆங்கிலத்தில் தந்த மேற்சொன்ன மாணவிக்கும் மாமா கதை முதலில் தமிழில்தான் வந்தது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 2022 நவம்பர் 30ஆம் திகதி சட்ஜிபிடி வெளிவந்த பிறகு இந்தப் பாடம் எதற்கு, கேட்டால் நொடியில் கட்டுரை வருகிறதே என்கிறார்கள். ஒரு தடவை தலைப்பைக் கொடுத்து, ஒரு தடவை கட்டுரையை வாங்கி, ஒரு தடவை புள்ளி போடும் பாடம் உண்மையிலேயே செத்துவிட்டது. அது போனதற்கு நான் அழப் போவதில்லை. ரியூசன் நோட்ஸ் எழுதிய அதே கட்டுரையை இப்போது இயந்திரம் பிழையில்லாமல் எழுதுகிறது. ஆனால் வாப்பாவின் வலையில் போன கிழமை என்ன பட்டது என்ற கேள்விக்கு இயந்திரத்திடம் பதில் இல்லை. முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையில் மாணவரோடு கூடவே வந்த ஆசிரியருக்கு, எந்தப் பந்தி அவருடையது என்று தெரியும். சந்தேகம் என்றால் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் போதும்.

கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கிப் பிடிப்போம் என்று புறப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அப்படிப்பட்ட மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்கள் கையால் எழுதிய ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியது என்று பிழையாகச் சொல்லின. எளிய சொற்களும் எளிய வாக்கியங்களும் அவற்றுக்குச் சந்தேகத்தைக் கொடுக்கின்றன. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். கஷ்டப்பட்டு எழுதிய மூதூர்ப் பிள்ளையைக் களவு செய்தவளாக்க ஒரு மென்பொருளுக்கு நாம் டொலரில் பணம் கட்டுவோமா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும், ஆங்கில மொழி கற்பித்தல் அலகுகளின் தலைவர்களிடமும், பீடச் சபைகளில் இருப்பவர்களிடமும் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய கணினிக்கூடமோ அல்ல. இணையவழி எழுத்துப் பாடத்தில் ஒரு குழுவுக்கு 20 மாணவர்கள் என்று எல்லை போடுங்கள். நேரலை வகுப்பை வாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைத்து, மிச்ச நேரத்தை வரைவுக்கும் பதிலுக்கும் விடுங்கள். கைத்தொலைபேசியில் எழுதி அனுப்புவதைக் குறைவான தகுதியாகப் பார்க்காதீர்கள், பெரும்பாலானவர்களிடம் வேறு கருவி இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த அரையாண்டுக்கான கொடுப்பனவுப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: மாணவர் கட்டுரையைப் படித்துப் பதில் எழுதும் நேரமும் கற்பித்தல் நேரமே.